வாசகர் கேட்டவை: போதகராயிருந்து முதல்வரான டாமி டக்ளஸ்

கனடாவின் பொது மருத்துவத் திட்டத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய பதில் ஒன்றில், அதற்கு வித்திட்டவர் டாமி டக்ளஸ் என்னும் பாப்டிஸ்ட் போதகர் என்று ஒரு வரி சேர்த்திருந்தோம். அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டு வந்த கடிதங்கள் பல. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அவருக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: திருச்சபையில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தவர் ஒரு மாகாணத்தின் முதல்வரானது எப்படி? அவருடைய இளமைக்காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். (ஆசிரியை, கும்பகோணம்)

தாமஸ் கிளமென்ட் டக்ளஸ் 1904 அக்டோபர் 20 அன்று ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் நகரில் பிறந்தார். தந்தை இரும்பு வார்ப்படத் தொழிலாளி, தொழிற்கட்சி ஆதரவாளர். குடும்பம் கனடாவின் வின்னிபெக் நகருக்குக் குடிபெயர்வதற்கு முன்பே, கீழே விழுந்ததில் சிறுவனின் முழங்காலில் பட்ட காயம் ஆறாமல் எலும்புக்குள் சீழ் பிடித்துவிட்டது. வின்னிபெக்கில் மருத்துவர்கள் காலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். நல்ல நிபுணரிடம் காட்டப் பெற்றோரிடம் பணம் இல்லை. அப்போது ஆர்.ஜே. ஸ்மித் என்ற எலும்பு அறுவை மருத்துவர், தம் மாணவர்கள் உடனிருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளச் சம்மதித்தால் கட்டணமின்றிச் சிகிச்சை செய்வதாகச் சொன்னார். கால் பிழைத்தது. அந்த மருத்துவர் தற்செயலாக அந்த வார்டுக்கு வராமல் போயிருந்தால் தாம் ஒற்றைக் காலுடன்தான் வாழ்ந்திருப்போம் என்பதையும், ஒரு பிள்ளையின் கால் அப்படியொரு தற்செயலை நம்பி இருக்கக்கூடாது என்பதையும் டக்ளஸ் பின்னாளில் மேடைதோறும் சொன்னார்.

முதல் உலகப்போர்க் காலத்தில் குடும்பம் ஸ்காட்லாந்துக்குத் திரும்பிப் போய், போர் முடிந்ததும் மறுபடி வின்னிபெக்குக்கு வந்தது. வந்த சில மாதங்களிலேயே, 1919 மே மாதத்தில், அந்நகரின் தொழிலாளர்கள் ஏறத்தாழ 30,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூன் 21 அன்று குதிரைப்படைக் காவலர்கள் கூட்டத்தின்மீது சுட்டதில் இருவர் மாண்டார்கள். 14 வயதுச் சிறுவனான டக்ளஸ் அதை ஒரு கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து நேரில் பார்த்தார். அந்த வேலைநிறுத்தத்தில் கைதானவர்களுள் ஒருவர், நகரின் ஏழைக் குடியேறிகளிடையே ஊழியம் செய்த ஜே.எஸ். உட்ஸ்வொர்த் என்னும் மெதடிஸ்ட் போதகர். அவர்மீது சுமத்தப்பட்ட அரசநிந்தனைக் குற்றச்சாட்டுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவற்றில் ஏசாயா தீர்க்கதரிசியின் வசனங்களும் இருந்தன. ஏழைகளின் நியாயத்தைப் புரட்டும் சட்டங்களை இயற்றுகிறவர்களைச் சபிக்கும் வசனங்கள் அவை. வழக்கு பிறகு கைவிடப்பட்டது. வேதாகமத்தை மேற்கோள் காட்டியதே குற்றமாகக் கருதப்பட்ட அந்தச் சம்பவத்தை நான் இங்கே சேர்ப்பதற்குக் காரணம், டக்ளஸின் அரசியல் ஆசான் இந்த உட்ஸ்வொர்த்தே என்பதுதான்.

டக்ளஸ் பள்ளிப்படிப்பை நிறுத்திவிட்டு அச்சகத்தில் தொழில் பழகினார். குத்துச்சண்டை பழகி 1922-ல் மானிடோபா மாகாணத்தின் இலகு எடைப் பிரிவில் பட்டம் வென்றார். பிறகு போதகராவதென்று தீர்மானித்து 1924-ல் பிராண்டன் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரி பாப்டிஸ்டுகள் நடத்தியதுதான் என்றாலும், வேதாகமத்தை வரலாற்று நோக்கில் கற்பிக்கிறார்கள் என்று பழைமைவாதிகள் அதன்மீது ஓயாமல் குறை கூறிவந்தார்கள். ஆறாண்டுகள் அங்கே படித்து முடித்து, 1930-ல் குருப்பட்டம் பெற்று, சஸ்காச்சுவான் மாகாணத்தின் வேபர்ன் என்ற சிற்றூரில் கால்வரி பாப்டிஸ்ட் சபைக்குப் போதகராக வந்தார்.

அவர் வந்த வேளை மிகக் கொடியது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் கோதுமை விலை சரிந்தது. அதே நேரத்தில் மழை பொய்த்து, வயல்களின் மேல்மண் புழுதிப்புயலாகப் பறந்தது. 1928-க்கும் 1933-க்கும் இடையில் அந்த மாகாணத்தின் தலைவீத வருமானம் 72 விழுக்காடு குறைந்தது என்று கூட்டாட்சி அரசு அமைத்த ஆணையம் பின்னர் கணக்கிட்டது. கனடாவில் வேறெந்த மாகாணமும் அவ்வளவு தாழவில்லை. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் துணிமணியும் உணவும் சேகரித்து வழங்குவதும், வேலையற்ற இளைஞர்களுக்கு வகுப்பு நடத்துவதும், மருத்துவரை அழைக்க வசதியில்லாமல் இறந்தவர்களை அடக்கம் செய்வதும் அந்த இளம் போதகரின் அன்றாடப் பணிகளாயின. 1931 செப்டம்பரில், அருகிலுள்ள எஸ்தவன் நகரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஊர்வலம் சென்றபோது காவலர்கள் சுட்டு மூவர் இறந்தார்கள். நன்கொடைப் பொட்டலங்களால் தீரும் காரியமல்ல இது என்று முடிவு செய்த டக்ளஸ், உட்ஸ்வொர்த்துக்குக் கடிதம் எழுதினார். அவர் ரெஜைனா நகரின் பள்ளித் தலைமையாசிரியர் எம்.ஜே. கோல்ட்வெல்லுடன் தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தார். விவசாயிகளும் தொழிலாளர்களும் சேர்ந்து 1932-ல் அமைத்த கூட்டுறவுப் பொதுநலக் கூட்டமைப்பு என்னும் கட்சியில் டக்ளஸ் வந்து சேர்ந்த வழி இதுதான். 1934 மாகாணத் தேர்தலில் தோற்றார். 1935-ல் வேபர்ன் தொகுதியிலிருந்து கனடா நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்.

கேள்வி: அவருடைய திருச்சபை இதை எப்படி ஏற்றுக்கொண்டது? எங்கள் சபையில் ஆயர் ஒருவர் தேர்தல் பற்றிப் பேசினாலே கமிட்டி கூடிவிடும். (வாசகர், பாளையங்கோட்டை)

அங்கும் கமிட்டி கூடத்தான் செய்தது, ஐயா. 1934 தோல்விக்குப் பிறகு அரசியலை விட்டுவிடும் எண்ணத்தில்தான் டக்ளஸ் இருந்தார். அந்நேரம் பார்த்துத் திருச்சபையின் மேலதிகாரி ஒருவர் வந்து, மறுபடி தேர்தலில் நின்றால் கனடாவில் எந்தச் சபையும் கிடைக்காமல் செய்துவிடுவதாக மிரட்டினார். இப்போதுதான் எங்கள் கட்சிக்கு ஒரு வேட்பாளரை நீங்கள் தேடிக் கொடுத்திருக்கிறீர்கள் என்ற பொருளில் டக்ளஸ் பதில் சொன்னதாக அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். மிரட்டப்படாமல் இருந்திருந்தால் அவர் படிப்பைத் தொடர்ந்து எங்கேனும் கல்லூரி ஆசிரியராகியிருக்கவும் கூடும்.

இதற்கு இறையியல் பின்னணி ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 'சமூக நற்செய்தி' என்னும் போக்கு சீர்திருத்தத் திருச்சபைகளுக்குள் வளர்ந்தது. நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புப் பகுதியில் 11 ஆண்டுகள் போதகராக இருந்து, குழந்தைகளின் சவப்பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்த வால்டர் ரவுஷன்புஷ் என்ற பாப்டிஸ்ட்தான் அதன் முதன்மைச் சிந்தனையாளர். தனிமனிதனின் பாவம் மன்னிக்கப்படுவதோடு நற்செய்தி முடிந்துவிடுவதில்லை; கூலி, வீட்டு வாடகை, தொழிற்சாலை விதிகள் ஆகியவற்றிலும் பாவம் குடியிருக்கிறது, அதையும் நீக்குவது இறையாட்சியின் பணி என்பது இவர்களின் வாதம். ஆன்மாவைக் கவனிக்க வேண்டியவர்கள் ஊதியத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது எதிர்த்தரப்பின் குறை. பிராண்டன் கல்லூரியில் டக்ளஸ் பெற்றது முதல் தரப்பின் பயிற்சி.

ஆனால் போதகர் அரசியலுக்கு வந்தாலே முற்போக்கு வந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். பக்கத்து ஆல்பர்ட்டா மாகாணத்தில் அதே 1935-ஆம் ஆண்டில் வில்லியம் ஏபர்ஹார்ட் என்ற வானொலிப் பிரசங்கியார் ஆட்சியைப் பிடித்தார். ஒவ்வொரு குடிமகனுக்கும் மாதம் 25 டாலர் கொடுப்பதாக வாக்குறுதி தந்து, 63 இடங்களில் 56-ஐ அவருடைய 'சோஷியல் கிரெடிட்' இயக்கம் வென்றது. அந்த 25 டாலர் கடைசிவரை வரவில்லை. ஒரே பஞ்சம், ஒரே வேதாகமம், அடுத்தடுத்த இரு மாகாணங்கள். இரண்டு பிரசங்கியார்களும் இரண்டு வெவ்வேறு திசைகளில் போனார்கள். டக்ளஸும் 1935 தேர்தலில் அந்த இயக்கத்தாரின் ஆதரவை ஏற்றுக்கொண்டு, அதனால் சொந்தக் கட்சியிலேயே கண்டனத்துக்கு ஆளானார் என்பதையும் சொல்லியாக வேண்டும். வெற்றி வேண்டும் என்னும்போது அவர் கையாண்ட தந்திரங்கள் எல்லாமே பிரசங்க மேடைக்கு ஏற்றவை அல்ல.

கேள்வி: எங்கள் தாயாருக்கு இங்கே இதய அறுவை சிகிச்சை நடந்தது. ஹெல்த் கார்டைக் காட்டினோம், ஒரு டாலரும் கேட்கவில்லை. இதை டக்ளஸ் கொண்டுவந்ததாக மருத்துவமனையில் ஒருவர் சொன்னார். ஆனால் அவர் ஒன்டாரியோவை ஆட்சி செய்ததே இல்லையே? (வாசகி, ஸ்கார்பரோ, கனடா)

நீங்கள் கேட்டது சரியான கேள்வி, அம்மா. ஒன்டாரியோ உள்ளிட்ட மாகாணங்கள் எல்லாம் பின்பற்றிய முன்மாதிரியைச் சஸ்காச்சுவானில் உருவாக்கியவர்தான் டக்ளஸ். அந்த முன்மாதிரி உருவாகப் பிடித்த காலத்தைப் பார்த்தால்தான் அவருடைய திறமை விளங்கும். அவரைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் அவருடைய நாவன்மையைப் புகழ்கிறார்கள்; நகைச்சுவையும் உவமைக் கதைகளுமாக அவர் பேசினால் எதிர்க்கட்சிக்காரர்களும் சிரித்துவிடுவார்கள் என்பது உண்மைதான். எனக்கு வியப்பளிப்பது வேறு. எதை முதலில் செய்வது, எதற்குக் காத்திருப்பது என்பதில் அவருக்கிருந்த தெளிவும், கணக்கில் இருந்த கண்டிப்பும்தான்.

1944 ஜூனில் அவருடைய கட்சி சட்டமன்றத்தில் 47 இடங்களை வென்றது. வட அமெரிக்காவில் சமூக ஜனநாயகக் கட்சி ஒன்று ஆட்சிக்கு வந்தது அதுவே முதல்முறை. முதல்வர் பொறுப்போடு சுகாதாரத் துறையையும் ஐந்தாண்டுகள் தம்மிடமே வைத்துக்கொண்ட டக்ளஸ், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வரலாற்றுப் பேராசிரியர் ஹென்றி சிகரிஸ்டை வரவழைத்து மாகாணத்தின் தேவைகளை ஆராயச் சொன்னார். எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு என்பது தேர்தல் வாக்குறுதி. ஆயினும் அரசிடம் பணம் இல்லை, மருத்துவமனைகள் போதவில்லை. ஆகவே முதலில் முதியோர் ஓய்வூதியம் பெறுவோருக்கும் ஆதரவற்ற தாய்மாருக்கும் மருத்துவம், புற்றுநோயாளிகளுக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை, 1946-ல் தொலைதூரப் பண்ணைகளுக்கு விமான ஆம்புலன்ஸ் என்று தொடங்கினார். அதே ஆண்டு ஸ்விஃப்ட் கரண்ட் வட்டாரத்தில் மட்டும் மருத்துவர் கட்டணத்தையும் உள்ளடக்கிய முன்பணத் திட்டம் சோதனையாக நடைமுறைக்கு வந்தது. 1947 ஜனவரி 1 முதல் மாகாணம் முழுவதற்கும் மருத்துவமனைக் காப்பீடு: ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 5 டாலர், குடும்பத்துக்கு உச்சவரம்பு 30 டாலர்.

அதன்பின் அடுத்த படிக்கு ஏறத்தாழ 13 ஆண்டுகள் காத்திருந்தார். நிதியமைச்சர் கிளாரன்ஸ் ஃபைன்ஸ் ஆண்டுதோறும் பற்றாக்குறை இல்லாத வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்து, மாகாணத்தின் பழைய கடனையும் குறைத்துக்கொண்டே வந்தார். கடன் கொடுத்தவனிடம் கைகட்டி நிற்கும் அரசால் சீர்திருத்தம் செய்ய முடியாது என்பதில் முதல்வரும் நிதியமைச்சரும் ஒரே கருத்துடையவர்கள். மருத்துவமனைச் செலவில் பாதியளவைக் கூட்டாட்சி அரசு ஏற்கும் சட்டம் 1957-ல் வந்து, மறு ஆண்டு நடைமுறையானதும், சஸ்காச்சுவானின் கையில் பணம் மிஞ்சத் தொடங்கியது. 1959 டிசம்பரில், மருத்துவர் கட்டணத்தையும் அரசே ஏற்கும் திட்டத்தை டக்ளஸ் அறிவித்தார். 1960 தேர்தல் அதை முன்வைத்தே நடந்தது. மருத்துவர்களின் அமைப்பு நிதி திரட்டி எதிர்ப் பிரசாரம் செய்தது, டக்ளஸ் வென்றார். 1961 நவம்பரில் சட்டம் நிறைவேறியது.

இதற்குள் டக்ளஸ் தேசிய அரசியலுக்குப் போய்விட்டார். பழைய கட்சி தொழிற்சங்கங்களோடு இணைந்து புதிய ஜனநாயகக் கட்சியாக மாறி, 1961-ல் அதன் முதல் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தது. மாகாணத்தில் அவருக்குப் பின் முதல்வரான பள்ளி ஆசிரியர் உட்ரோ லாய்டின் தலையில்தான் புயல் இறங்கியது. 1962 ஜூலை 1 அன்று திட்டம் தொடங்கிய அதே நாளில் மாகாணத்தின் மருத்துவர்களில் பெரும்பாலோர் தங்கள் கிளினிக்குகளை மூடிவிட்டார்கள். சில இடங்களில் அவசரச் சிகிச்சை மட்டும் நடந்தது. அரசு பிரிட்டனிலிருந்து மருத்துவர்களை வரவழைத்தது. பொதுமக்கள் சிலர் தாங்களே சேர்ந்து சமூகக் கிளினிக்குகளைத் திறந்தார்கள். வேறு சிலர் மருத்துவர்களுக்கு ஆதரவாகச் சட்டமன்றத்தின் முன் கூடினார்கள். 23 நாட்கள் கழித்து, பிரிட்டனிலிருந்து வந்த டெய்லர் பிரபுவின் சமரசத்தில், சஸ்காட்டூன் நகரில் உடன்பாடு ஏற்பட்டது. மருத்துவர்கள் அரசு ஊழியர்களாகாமல், ஒவ்வொரு சிகிச்சைக்கும் கட்டணம் பெறும் பழைய முறையிலேயே தொடர்ந்தார்கள்; கட்டணத்தைச் செலுத்தும் பொறுப்பு மட்டும் பொது நிதிக்கு மாறியது. இன்றுவரை கனடாவின் பெரும்பாலான குடும்ப மருத்துவர்கள் தனித்தொழில் செய்வோராகவே இருப்பதற்கு அந்த உடன்பாடு ஒரு முக்கியக் காரணம்.

இதற்கான விலையை டக்ளஸும் கொடுத்தார். அந்த ஜூன் மாதக் கூட்டாட்சித் தேர்தலில், தாம் 17 ஆண்டுகள் முதல்வராக இருந்து ஆண்ட தலைநகரான ரெஜைனாவிலேயே தோற்றார். 1964-ல் லாய்டின் அரசும் வீழ்ந்தது. ஆனால் ஆட்சிக்கு வந்த லிபரல் தலைவர் ராஸ் தாட்சர், ஒரு காலத்தில் டக்ளஸின் கட்சியிலேயே இருந்து பிரிந்தவர், அதன் சோஷலிசத்தைக் கடுமையாகச் சாடியவர், இந்தத் திட்டத்தில் மட்டும் கை வைக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் அது மக்களிடம் அவ்வளவு ஊன்றிவிட்டது.

பிறகு நடந்தது சுருக்கமானது. நீதிபதி எம்மெட் ஹால் தலைமையிலான ஆணையம், சஸ்காச்சுவான் மாதிரியை நாடு முழுவதற்கும் 1964-ல் பரிந்துரைத்தது. அந்த ஆணையத்தை அமைத்தவர் பழைமைவாதக் கட்சிப் பிரதமர் டீஃபன்பேக்கர். சட்டமாக்கியவர் லிபரல் பிரதமர் பியர்சன். பியர்சனுக்கு நாடாளுமன்றத்தில் தனிப்பெரும்பான்மை இல்லை, டக்ளஸின் கட்சி அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தது. 1966 டிசம்பரில் 177-க்கு 2 என்ற வாக்குகளில் மருத்துவச் சட்டம் நிறைவேறி, 1968 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஒன்டாரியோ 1969-ல் சேர்ந்தது. உங்கள் கையிலுள்ள அட்டையின் கதை இதுவே. ஒரு சிறு திருத்தம்: அது இலவசம் அல்ல. உங்கள் குடும்பமும் அண்டை அயலாரும் செலுத்தும் வரியிலிருந்துதான் அந்தச் செலவு ஈடுகட்டப்படுகிறது. அதை இலவசம் என்று சொல்லாமல், முன்கூட்டியே செலுத்தப்பட்டது என்று சொல்வதில் டக்ளஸ் கவனமாக இருந்தார்.

கேள்வி: ஊனமுற்றோருக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்று இவர் எழுதியிருக்கிறாராமே? அப்படிப்பட்டவரைச் சீர்திருத்தவாதி என்று எழுதுவது பொருந்துமா? (மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பணியாளர், சென்னை)

எழுதியது உண்மை. 1933-ல் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த முதுகலை ஆய்வேடு, வேபர்ன் ஊரில் 12 பெண்களையும் அவர்கள் வழிவந்த குடும்பங்களையும் பற்றியது. வறுமை, குற்றம், மனநலக் குறைவு ஆகியவை பரம்பரையாக வருகின்றன என்று வாதிட்டு, திருமணத்துக்கு மருத்துவச் சான்றிதழ், சிலரைத் தனிப் பண்ணைகளில் ஒதுக்கி வைத்தல், மனவளர்ச்சி குன்றியவர்களுக்குக் கருத்தடை ஆகியவற்றை அது பரிந்துரைத்தது. 'இனமேம்பாடு' என்னும் அந்தக் கொள்கை அக்காலத்தில் பழைமைவாதிகளைவிட முற்போக்காளர்களிடமே அதிகம் பரவியிருந்தது. அறிவியலின் பெயரால் சமூகத்தைத் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை அதற்குத் துணை. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர்களே ஆல்பர்ட்டாவில் கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்காகவும் வாதாடினார்கள். அந்தச் சட்டம் 1928-ல் வந்து 1972 வரை இருந்தது. 2,800-க்கும் மேற்பட்டோருக்கு அதன்கீழ் கருத்தடை செய்யப்பட்டது. 'அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்' என்று சொல்லிக் கடந்துபோக நான் விரும்பவில்லை. அப்போதே எதிர்த்தவர்களும் இருந்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தது. தம் சபையின் கதவைத் தட்டி வந்த ஏழைகளைக் கைநீட்டி ஏற்ற அதே போதகர், அவர்களில் சிலரை ஆய்வேட்டில் வேறு கண்ணால் பார்த்தார்.

ஆனால் கதை அந்த ஆய்வேட்டோடு முடியவில்லை. 1936-ல் ஐரோப்பாவுக்குச் சென்றபோது நாஜி ஜெர்மனியை அவர் நேரில் கண்டார். அதன்பின் அந்தக் கொள்கையை அவர் பேசவே இல்லை. 1944-ல் முதல்வரும் சுகாதார அமைச்சருமானபோது, மாகாணத்தின் மனநல மருத்துவமனைகளை ஆராய்ந்தவர்கள் கருத்தடைச் சட்டத்தைப் பரிந்துரைத்தார்கள். மேற்கே உள்ள இரு மாகாணங்களில், ஆல்பர்ட்டாவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும், அது ஏற்கெனவே சட்டமாக இருந்தது. கையெழுத்துப் போடும் அதிகாரம் அவரிடம் இருந்த அந்த நேரத்தில் அவர் அதை நிராகரித்து, தொழிற்பயிற்சிக்கும் சிகிச்சைக்கும் நிதி ஒதுக்கினார். சஸ்காச்சுவானில் அப்படியொரு சட்டம் வரவே இல்லை. மனம் மாறியதைப் பகிரங்கமாக விளக்கி, பழைய ஆய்வேட்டைத் தம் கையாலேயே மறுத்து அவர் எழுதியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால் அதை நான் மறுக்க மாட்டேன். சீர்திருத்தவாதி என்ற பெயர் அவருக்குப் பொருந்துமா என்றால், ஆய்வேட்டுக்காக ஒரு கணக்கும் ஆட்சிக்காக ஒரு கணக்கும் தனித்தனியே எழுதத்தான் வேண்டும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கழித்துவிட முடியாது.

கேள்வி: ஹாலிவுட் நடிகர் கீஃபர் சதர்லண்ட் இவருடைய பேரன் என்கிறார்களே? (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

ஆம். டக்ளஸின் மகளும் நடிகையுமான ஷெர்லி டக்ளஸுக்கும் நடிகர் டொனால்ட் சதர்லண்டுக்கும் பிறந்தவர். 2004-ல் கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனம் நடத்திய வாக்கெடுப்பில் 'மாபெரும் கனடியர்' என்று டக்ளஸ் தேர்வானபோது பேரனின் புகழும் கொஞ்சம் உதவியிருக்கலாம் என்று கேலி செய்பவர்கள் உண்டு.

கேள்வி: அவசரநிலைச் சட்டத்தை எதிர்த்து அவர் வாக்களித்ததாக அறிகிறேன். அதன் பின்னணி என்ன? அரசாங்கம் அவரைச் சும்மா விட்டதா? (வாசகர், யாழ்ப்பாணம்)

1970 அக்டோபரில், கியூபெக் மாகாணத்தின் விடுதலைக்காக ஆயுதம் ஏந்திய குழுவினர் பிரிட்டிஷ் வர்த்தக அதிகாரி ஒருவரையும் மாகாண அமைச்சர் பியர் லாப்போர்ட்டையும் கடத்தினார்கள். பிரதமர் பியர் ட்ரூடோ, போர்க்கால நடவடிக்கைச் சட்டத்தை அக்டோபர் 16 அன்று அமைதிக்காலத்தில் முதல்முறையாகப் பிறப்பித்தார். பிடியாணையின்றிக் கைது செய்யவும் குற்றம் சாட்டாமல் காவலில் வைக்கவும் அது வழி செய்தது. மறுநாள் லாப்போர்ட்டின் உடல் கண்டெடுக்கப்பட்டது. நாடே கொதித்த அந்த வேளையில், கடலையை உடைக்கச் சம்மட்டியை எடுக்கிறீர்கள் என்று டக்ளஸ் நாடாளுமன்றத்தில் சொன்னார். வாக்கெடுப்பில் 190 பேர் அரசின் பக்கம், 16 பேர் எதிர்ப்பு. அந்த 16 பேரும் அவர் கட்சியினர். கட்சியில் நால்வர் அரசோடு வாக்களித்தார்கள். சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 500 பேர் கைதாகி, பெரும்பாலோர் எந்தக் குற்றச்சாட்டும் இன்றி விடுவிக்கப்பட்டார்கள்.

அவர் வன்முறைக்கு இரங்கியவர் அல்லர். பிரிவினையை ஆதரித்தவரும் அல்லர். நாடாளுமன்றத்தில் ஆதாரத்தை வையுங்கள், சாதாரணக் குற்றவியல் சட்டம் போதாது என்று காட்டுங்கள் என்பதே அவருடைய கோரிக்கை. மக்களின் செல்வாக்கு அப்போது முழுக்க முழுக்க ட்ரூடோவின் பக்கம் இருந்தது. அதை அறிந்தே எதிர்த்து நின்றார். தமது மாகாணத்தில் 1947-லேயே, கனடாவில் முதலாவதாக, உரிமைச் சாசனச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தவர் அவர். மதம், நிறம், இனம் பார்த்து வேலையோ வீடோ மறுப்பதை அது தடுத்தது; கைது, பேச்சு, வழிபாடு பற்றிய உரிமைகளையும் எழுத்தில் வைத்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: சும்மா விடவில்லை. 1930களின் இறுதியிலிருந்து பல பத்தாண்டுகள் கூட்டாட்சிக் காவல்துறையின் உளவுப்பிரிவு அவரைக் கண்காணித்துக் கோப்பு வைத்திருந்தது. அவர் மறைந்து 20 ஆண்டுகள் கழித்து வெளியே தெரியவந்த அந்தக் கோப்பு 1,100 பக்கங்களுக்கும் மேற்பட்டது. முதல்வராக இருந்தவர், தேசியக் கட்சியின் தலைவர், குருப்பட்டம் பெற்ற போதகர் என்ற எந்தத் தகுதியும் அவரைச் சந்தேகத்திலிருந்து காக்கவில்லை.

கேள்வி: மருத்துவத்தைத் தவிர வேறு என்ன செய்தார்? தோல்விகளே இல்லையா? (வாசகர், மதுரை)

இருந்தன. அரசே தொழிற்சாலை நடத்தினால் வேலைவாய்ப்பு பெருகும் என்று நம்பி, காலணித் தொழிற்சாலையும் கம்பளி ஆலையும் தொடங்கினார்கள். இரண்டும் நட்டத்தில் மூடப்பட்டன. அதன்பின் அரசு அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. மின்சாரம், தொலைபேசி, வாகனக் காப்பீடு, பேருந்துப் போக்குவரத்து போன்ற பொதுப் பயன்பாடுகளில் மட்டும் அரசு நிறுவனங்களை வளர்த்தது, அவை நிலைத்தன. 1949-ல் ஊரக மின்மயச் சட்டம் வந்தபின் பல்லாயிரம் பண்ணைகளில் முதன்முறையாக விளக்கெரிந்தது. வாக்களிக்கும் வயது 1945-ல் 18 ஆனது. அரசு ஊழியர்களுக்குச் சங்கம் அமைத்துக் கூட்டுப்பேரம் நடத்தும் உரிமை கிடைத்தது. பூர்வகுடி மக்கள் மாகாணத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1960-ல்தான் வந்தது; 16 ஆண்டுகள் ஆட்சியில் இருந்தபின் வந்தது என்பதை அவருடைய சாதனைப் பட்டியலில் சேர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்வதில்லை.

கேள்வி: கனடாவில் இன்று எல்லா மருத்துவமும் பொதுச் செலவில்தான் கிடைக்கிறதா? அவர் நினைத்தது முழுதும் நிறைவேறியதா? (மருந்தாளுநர், சேலம்)

இல்லை. மருத்துவரும் மருத்துவமனையும் பொதுத் திட்டத்தில் அடக்கம். வீட்டில் உட்கொள்ளும் மருந்து, பல் மருத்துவம், கண்ணாடி ஆகியவை பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றுவிட்டன. அவற்றுக்கு வேலை தரும் நிறுவனத்தின் காப்பீடோ சொந்தப் பணமோ வேண்டும். நோயாளியிடம் கூடுதல் கட்டணம் கேட்கும் வழக்கம் 1970களில் பரவியபோது, நாடாளுமன்றத்திலிருந்து 1979-ல் ஓய்வுபெற்ற டக்ளஸ் முதிய வயதிலும் ஊர் ஊராகச் சென்று அதற்கு எதிராகப் பேசினார். 1984-ல் வந்த கனடா சுகாதாரச் சட்டம் அந்தக் கட்டணங்களுக்கு ஏற்ப மாகாணங்களின் மானியத்தைக் குறைக்க வழி செய்தது. மறு ஆண்டுக்கு மறு ஆண்டு, 1986 பிப்ரவரி 24 அன்று, அவர் புற்றுநோயால் ஒட்டாவாவில் காலமானார்.

கட்டணம் என்னும் தடையை நீக்கியது முதல் கட்டம் மட்டுமே. நோய் வராமல் காப்பதும், மருத்துவம் வழங்கும் முறையையே திருத்தி அமைப்பதும் இரண்டாவது கட்டம், அதுவே கடினமானது என்று அந்தக் கடைசி ஆண்டுகளில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். அந்த இரண்டாம் கட்டத்தில் கனடா வெகுதூரம் போகவில்லை. அறுவை சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல்களும், குடும்ப மருத்துவர் கிடைக்காமல் அலைபவர்களும் அங்கே தேர்தல்தோறும் எழும் பிரச்சினைகள். விடுபட்டவற்றில் சில அண்மையில்தான் சேரத் தொடங்கின: வேறு பல் காப்பீடு இல்லாத, வருமானம் குறைந்தவர்களுக்கான கூட்டாட்சிப் பல் மருத்துவத் திட்டம் 2023 டிசம்பரில் தொடங்கியது, கருத்தடை மருந்துகளையும் நீரிழிவு மருந்துகளையும் முதலில் உள்ளடக்கும் தேசிய மருந்துத் திட்டச் சட்டம் 2024 அக்டோபரில் வந்தது. இரண்டையும் பெரும்பான்மை இல்லாத லிபரல் அரசிடமிருந்து, ஆதரவுக்கு விலையாகக் கேட்டுப் பெற்றது டக்ளஸ் முதல் தலைவராக இருந்த புதிய ஜனநாயகக் கட்சி.